பிஸ்கட் டப்பாவும் சில ஆங்கிலச் சொற்களும்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை மாலை.

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்றிரவு தொலைபேசியில் நீ சொன்னதை உன் அம்மா பாதிதான் கேட்டாள். நான் முழுவதையும் கேட்டேன். மருத்துவமனைத் தேநீர் அறையில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் டப்பாவிலிருந்து நீ இரண்டு பிஸ்கட் எடுத்திருக்கிறாய். உடன் வேலை பார்க்கும் அந்த மூத்த செவிலியர் சிரித்துக்கொண்டே உன்னை ‘ஸ்க்ரவுஞ்சர்’ என்றிருக்கிறார். இரவில் அறைக்குப் போய் அகராதியைப் புரட்டியிருக்கிறாய். பிறரிடம் கேட்டு வாங்கிப் பிழைப்பவர் என்று அதில் போட்டிருக்கிறது. அன்றிலிருந்து மூன்று வாரமாக அந்த டப்பாவின் பக்கமே நீ போகவில்லை. போதாததற்கு, காரில் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன் என்று கூப்பிட்டவரிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இங்கிலாந்தின் லீட்ஸ் மழையில் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறாய். போனில் பேசினால் நான் பாதியில் தடுமாறுவேன், நீ பாதியில் அழுவாய். அதனால்தான் கடிதம்.

முப்பத்து நான்கு வருஷம் தபால் அலுவலகத்தில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு கவரைப் பார்த்தால் முகவரி தெரியும். எடை தெரிய வேண்டுமானால் தட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். அகராதியும் அப்படித்தான், அம்மா. சொல் எங்கே போய்ச் சேரும் என்பதை அது சொல்லும். எத்தனை கிராம் என்பதைச் சொல்லாது. பிறர் பொருளைக் காசில்லாமல் பெறுவதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் சொற்கள் ஏராளம். அவற்றில் சில இறகு போல லேசானவை, சில தலையில் விழுந்தால் மண்டை உடையும். உன்மேல் விழுந்தது எது என்று பார்ப்போம்.

ஸ்க்ரவுஞ்ச் என்ற சொல் ஊரெங்கும் பரவியது முதல் உலகப் போரின்போது, பிரிட்டிஷ் சிப்பாய்களின் வாய் வழியாக. பதுங்கு குழியில் கிடப்பவனுக்கு ஒரு பலகைத் துண்டும், காய்ந்த விறகும், கூடுதலாக ஒரு டப்பா ஜாமும் பெரிய சொத்து. அவற்றை எங்கிருந்தோ தேற்றிக்கொண்டு வருபவனைப் படையில் யாரும் திருடன் என்று சொல்வதில்லை. அவன் பக்கத்தில் படுக்கத்தான் போட்டி. அந்தச் செவிலியர் சிரித்துக்கொண்டு சொன்னது இந்த ஸ்க்ரவுஞ்சர்தான். ‘நீயும் நம் குழியில் இருப்பவள்’ என்பதற்கு மிக அருகில் வரும் வார்த்தை அது. இதே சொல்லை அந்நாட்டுப் பத்திரிகைகள் சில, அரசு உதவித்தொகை வாங்கும் ஏழைகளைக் குத்திக்காட்டும் தலைப்புகளில் போடுகின்றன. அங்கே அது வெறும் விஷம். அகராதி உனக்கு எடுத்துக்கொடுத்தது இரண்டாவதை. உனக்குச் சொல்லப்பட்டது முதலாவது. சிரிப்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பார்க்காமல் எழுத்தை மட்டும் பார்த்திருக்கிறாய்.

இதைவிடவும் லேசான ஒரு சொல் உண்டு: கேட்ஜ். ஒரு சிகரெட்டையோ, ஒரு டீத்தூள் பையையோ, கொஞ்ச தூரம் காரில் ஓர் இடத்தையோ கேட்டு வாங்கிக்கொள்வது. நீ இருக்கும் வட இங்கிலாந்திலும் அதற்கு மேலே ஸ்காட்லாந்திலும் பழைய நாளில் கேட்ஜர் என்றால் பிச்சைக்காரன் அல்லன். குதிரை முதுகில் வெண்ணெயும் முட்டையும் ஏற்றிக்கொண்டு பண்ணைக்கும் பட்டணத்துக்கும் நடையாய் நடந்த வியாபாரி. வாசலுக்கு வந்து நின்று குரல் கொடுப்பவன் எவனும் நாளடைவில் கையேந்துபவனாகத் தெரிய ஆரம்பிக்கிறான் போலும். உழைத்துத் தின்றவனின் பெயர் ஓசிக்காரனுக்குப் போய்விட்டது. சொற்களுக்கும் இப்படித் தலையெழுத்து உண்டு.

உண்மையிலேயே கனமான சொல் ஸ்பாஞ்ச். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவதுபோல ஒருவரிடமிருந்து நாள்தோறும் உறிஞ்சிக்கொண்டே இருப்பது. நம் வீடுகளில் ‘தண்டச்சோறு’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்களே, அந்த எடை. அமெரிக்கர்கள் ஃப்ரீலோடர் என்பதும் கிட்டத்தட்ட அதுதான். இவற்றையெல்லாம் இரண்டு பிஸ்கட்டுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு வீட்டில் ஆறு மாதம் வாடகை கொடுக்காமல் படுத்திருந்தால்தான் சொல்வார்கள். நீ படித்த படிப்பில் தினமும் புழங்கும் பாரசைட்டும் இந்தக் குடும்பம்தான் என்பது உனக்குத் தெரியுமா? கிரேக்கத்தில் அதற்கு நேர்ப்பொருள், பக்கத்தில் உட்கார்ந்து உண்பவன். பணக்காரர் பந்தியில் வந்து உட்கார்ந்து, சாப்பாட்டுக்கு விலையாக வேடிக்கை பேசி, முகஸ்துதி பாடும் ஆசாமி கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் தவறாமல் வருவான். அவன் பெயரைத்தான் பிற்காலத்து விஞ்ஞானிகள் குடலில் இருக்கும் புழுவுக்கு வைத்தார்கள். நாம் எதிர்த்திசையில் போயிருக்கிறோம். மரத்தை உறிஞ்சும் புல்லுருவியைப் பார்த்துவிட்டு அந்தப் பெயரை மனிதனுக்கு வைத்தோம். எந்தத் திசையில் போனாலும் உவமை சரியாகவே இருக்கிறது.

நீ கூச்சப்படாமல் பயன்படுத்தக்கூடிய இரண்டு சொற்களும் இருக்கின்றன, ஏனென்றால் அவை நம் துணைக்கண்டத்திலிருந்து ஏறிப்போன சரக்கு. போன மாதம் உனக்கு இரவுப் பணி லேசாக அமைந்ததைக் ‘குஷி ஷிஃப்ட்’ என்று யாரோ ஆங்கிலத்தில் சொன்னார்கள் என்றாய். நீ ஏதோ புது ஆங்கிலம் என்று நினைத்தாய். நம் தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் லீவு விட்டால் குஷியாக ஓடுவார்களே, அதே குஷிதான். பாரசீகத்திலிருந்து உருதுவுக்கு வந்து, அங்கிருந்து ஒரு கிளை தமிழுக்கு இறங்க, இன்னொரு கிளை வெள்ளைக்காரச் சிப்பாய்களின் நாக்கில் ஏறிக் கப்பலில் போனது. வேலை சுலபமாக இருந்தாலும் குஷி, பட்ட காயம் பெரிதில்லாமல் போனாலும் குஷி. பக்‌ஷீ என்று இன்னொன்று: காசில்லாமல் வந்தது, கணக்குக்கு மேலே கிடைத்தது என்று பொருள். அது நம் ரயிலடிகளில் புழங்கிய பக்சீஸ்தான், வாலை மட்டும் நறுக்கிவிட்டார்கள். சுகத்துக்கும் ஓசிக்கும் சொல் வேண்டியிருந்தபோது அவர்கள் நம் பக்கத்தில் கடன் வாங்கியிருக்கிறார்கள், இன்றுவரை திருப்பித் தரவில்லை. அதை ஸ்க்ரவுஞ்ச் என்று சொல்லலாமா என்று அந்தச் செவிலியரிடம் கேட்டுப் பார், நன்றாகச் சிரிப்பார்.

இனி என் சொந்தத் தொழில் பக்கம் கொஞ்சம் வருகிறேன், பொறுத்துக்கொள். எங்கள் அலுவலகத்தில் சிவப்பு மையில் முத்திரை பதிக்கும் ஃப்ராங்கிங் இயந்திரம் ஒன்று இருந்தது. சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அதன் கைப்பிடியைச் சுற்ற வேண்டும் என்று நீ அடம் பிடித்திருக்கிறாய். ஃப்ராங்க் என்றால் வேர்ப்பொருள் சுதந்திரமானது, கட்டணமற்றது என்பது. மனத்தில் பட்டதைத் தடையில்லாமல் பேசுபவரை ஃப்ராங்க் ஆனவர் என்பதும் அதனால்தான். இங்கிலாந்தில் 1840 வரையில் நாடாளுமன்ற உறுப்பினர் கவரின்மேல் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தக் கடிதம் இலவசமாகப் போகும். சும்மா இருப்பார்களா? நண்பர்களுக்கும், நண்பர்களின் நண்பர்களுக்கும் கையெழுத்துப் போட்டுப் போட்டே அனுப்பினார்கள். ஊரெல்லாம் பணம் கட்டிக் கடிதம் வாங்க, வசதியுள்ளவர்கள் கடிதம் மட்டும் ஓசியில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பென்னிக் காசுக்குக் கடிதம் போகும் தபால்முறை வந்த அந்த 1840இல்தான் இந்தச் சலுகையும் ஒழிந்தது. காசு கட்டியாயிற்று என்பதற்கு அத்தாட்சி பதிக்கும் இயந்திரத்துக்கு, காசில்லை என்று பொருள்படும் பெயர் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓசி என்று நான் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருப்பதும் தபால் சொல்தான் என்பார்கள் எங்கள் ஆட்கள்: கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் கும்பினி வேலையாகப் போகும் கடிதத்தின்மேல் அதற்கான ஆங்கில வாசகத்தை எழுதிவிட்டால் தபால் கட்டணம் கிடையாது, அதன் முதலெழுத்துகளே ஓ.சி. என்று ஆயின என்று. எனக்கும் அந்தக் கதையையே நம்பப் பிடிக்கும்.

கடிதம் வாங்குபவரே பணம் கட்டும் வழக்கம் நம் நாட்டில் பேரிங் கடிதமாக வெகுநாள் உயிரோடு இருந்தது. தபால்தலை ஒட்டாமல் பெட்டியில் போட்டால், கட்டாமல் விட்ட கட்டணத்தைப்போல இரண்டு மடங்கைப் பெறுபவர் கொடுக்க வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிளை அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் வருவார். பம்பாயிலிருந்து அவர் மகனின் பேரிங் கடிதம் வந்திருக்கும். அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, நாலு மூலையையும் பெருவிரலால் தடவுவார். ஒருமுறை நாலு மூலையிலும் மஞ்சள் இருந்தது. முகமெல்லாம் சிரிப்பாக, ‘இவ்வளவு காசு கொடுத்து இதை வாங்க என்னால் ஆகாது தம்பி, திருப்பி அனுப்பிவிடுங்கள்’ என்று கடிதத்தைப் பலகைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். பிரிக்காத கடிதத்தில் சேதி முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது. மருமகள் பார்த்தாகிவிட்டது, நாள் குறித்தாகிவிட்டது. தபால் இலாகாவுக்கு ஒரு காசு இல்லை. நான் அதைப் பையில் போட்டுக் கட்டித் திருப்பி அனுப்பினேன். பிற்காலத்தில் நீங்களெல்லாம் மிஸ்டு கால் கொடுத்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் பெருவிரல்தான் ஞாபகம் வரும்.

அவர் செய்ததற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவர் யாரிடமும் கேட்கவில்லை, ஆகவே கேட்ஜ் இல்லை. யாரையும் உறிஞ்சவில்லை, ஆகவே ஸ்பாஞ்ச் இல்லை. ஆங்கிலேயரிடம் ‘ஃபார் நத்திங்’ என்று ஒரு பொதுச்சொல் இருக்கிறது. காசில்லாமல் கிடைத்ததும் ஃபார் நத்திங், பட்ட பாடெல்லாம் பலனில்லாமல் போனதும் ஃபார் நத்திங். நம் ‘சும்மா’வும் அதே மாதிரிதான், சும்மா கொடுத்தான், சும்மா அலைந்தேன். பெரியவருக்குச் சேதி சும்மா கிடைத்தது, எங்கள் தபால்காரர் சும்மா சுமந்தார். ஒரே சொல்லை இரண்டு பேரும் ஆளுக்கொரு பொருளில் வைத்துக்கொள்ளலாம்.

கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் எந்தச் சொல் நிற்கிறது என்பதே எல்லாமும் என்பதை நம் வீட்டிலேயே நீ பார்த்திருக்கிறாய். பதினோராம் வகுப்பில் உனக்கு அரசு சைக்கிள் வந்தது, பன்னிரண்டாம் வகுப்பில் மடிக்கணினி வந்தது. அந்த மடிக்கணினியின் திரையில்தான் நீ செவிலியர் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பினாய். ஆங்கிலப் பத்திரிகை அதை ஃப்ரீபி என்று எழுதியது. அந்தச் சொல்லின் ஒலியே கிலுகிலுப்பை போல இருக்கிறது. திருவிழாவில் சோப்பு வாங்கினால் கொடுக்கும் சீப்பு மாதிரி ஒரு பொருள் என்று தோன்ற வைக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2013இல் நம் மாநிலத்து இலவசத் தொலைக்காட்சி, மடிக்கணினி வழக்கில், தேர்தல் அறிக்கையில் அப்படி வாக்குக் கொடுப்பது சட்டப்படி ஊழல் செயல் ஆகாது என்று சொன்னதோடு, தீர்ப்பில் அந்த ஃப்ரீபி என்ற சொல்லையே எழுதியது. ஆனால் பெரிய ஆலைக்கு வரியைத் தள்ளிக் கொடுத்தால் அதே பத்திரிகைகள் ஊக்கத்தொகை என்று எழுதும். சோற்றுக்கு ஒரு சொல், ஆலைக்கு ஒரு சொல். இதில் எனக்கு இன்றுவரை ஆற்றாமை உண்டு, மறைக்கவில்லை. நம் அரசு 2011க்குப் பிறகு ‘இலவச’ என்பதை எடுத்துவிட்டு ‘விலையில்லா’ என்று போட்டது. அப்போது நான்கூட அலுவலகத்தில் அதைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது யோசித்தால், வாங்குபவர் தலையைக் குனிய வைக்காத சொல்லை யாரோ உட்கார்ந்து தேடியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

உன் அம்மாவின் கதை உனக்குத் தெரியாது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவளும் சந்தோஷமாகத்தான் ஜங்ஷனுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். அடுத்த வருஷம் ஓர் அமைச்சர் மேடையில் இந்தப் பயணத்தை ஓசி என்று சொல்லிவிட்டார். மறுநாள் அவள் பஸ்ஸில் ஏறி, நடத்துநரிடம் காசை நீட்டி டிக்கெட் கேட்டிருக்கிறாள். அவர், ‘எங்களுக்கு வம்பு வேண்டாம்மா, வைத்துக்கொள்ளுங்கள்’ என்று பூஜ்யம் போட்ட சீட்டைக் கிழித்துக் கையில் திணித்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சீட்டை என்னிடம் காட்டி, ‘நேற்றுவரைக்கும் இது டிக்கெட்டாக இருந்தது, இன்றைக்கு மட்டும் ஏன் கையைச் சுடுகிறது?’ என்றாள். பஸ் அதே பஸ், பூஜ்யம் அதே பூஜ்யம். நேற்று நீ டப்பாவைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது; நீ அவள் மகள்தானே.

ஃப்ரீ என்ற சொல்லையே எடுத்துக்கொள். அதன் வேரைப் பிடித்துக்கொண்டு போனால் அன்புக்குரியவர், நம்மவர் என்ற பொருளில் போய் முடிகிறது. வீட்டில் அன்புக்குரியவர்கள் அடிமைகள் அல்லர், ஆகவே சுதந்திரமானவர்கள். சுதந்திரமானதற்குத் தடையில்லை, பிறகு கட்டணமும் இல்லை என்று பொருள் வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது. ஃப்ரெண்ட் என்பதும் அதே வேர். வடமொழியில் அந்த வேரில் முளைத்தது ப்ரிய. நாம் பிரியம் என்கிறோம். பிரியமாகக் கொடுத்ததும் ஃப்ரீயாகக் கொடுத்ததும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

எல்லா ஃப்ரீயும் பிரியம் என்று நினைத்துவிடாதே. அமெரிக்காவில் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சாராயக் கடைகளில் மதியச் சாப்பாடு இலவசம் என்று பலகை வைப்பார்கள். பதார்த்தமெல்லாம் உப்பாக இருக்கும், தாகத்துக்குக் குடித்துத்தானே ஆக வேண்டும்? இலவசச் சாப்பாடு என்று ஒன்று கிடையாது என்று பொருளாதாரக்காரர்கள் சொல்லும் வசனத்துக்குப் பின்னால் அந்தச் சாப்பாடுதான் இருக்கிறது. நியூ ஓர்லியன்ஸில் வேறொரு வழக்கம். வாங்கிய சாமானுக்குமேல் கடைக்காரர் கூடப் போடும் சிறுபொருளுக்கு லான்யாப் என்று பெயர். தென் அமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்த சொல். காய் வாங்கினால் கூடையில் கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் போடுவார்களே, அந்தக் கொசுறுதான். கொசுறு வாங்கியதற்காக இதுவரை யாராவது வெட்கப்பட்டிருக்கிறார்களா?

நீ கேட்ட இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். வேலை சுலபம் என்பதற்கு உன் வார்டில் எல்லோரும் டாடில் என்கிறார்கள் என்றாய். அதை நீயும் தாராளமாகச் சொல்லலாம். கேக் துண்டு என்றாலும் அதேதான்; நாம் அல்வா சாப்பிடுவது மாதிரி என்பதுபோல, தின்பண்டத்தைச் சொல்லாமல் சுலபத்தைச் சொல்ல எந்த ஊர்க்காரருக்கும் முடிவதில்லை. கேக்வாக் என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்துச் சொல். அமெரிக்கத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள், எஜமானர்கள் விருந்தில் மிடுக்காக நடப்பதைப் பகடி செய்து ஜோடி ஜோடியாக நடந்து ஆடிய ஆட்டம் அது. நன்றாக ஆடிய ஜோடிக்குக் கேக் பரிசு. அந்த நடையில் எவ்வளவு உழைப்பும் எவ்வளவு அடக்கிய கோபமும் இருந்திருக்கும்! பார்த்தவர்களுக்குத்தான் அது சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

நாளை அந்த அறைக்குப் போனதும் டப்பாவைத் திறந்து எடுத்துக்கொள். அடுத்த முறை இறக்கிவிடுகிறேன் என்பவரின் காரில் ஏறிக்கொள்; இறங்கும்போது, ஒரு லிஃப்ட் கேட்ஜ் செய்துகொண்டேன் என்று நீயே சொல்லிச் சிரி. பால், டீத்தூள் வாங்க அங்கே பொதுவாகக் காசு போட்டு வைக்கும் வழக்கம் இருந்தால், உன் பங்கு என்ன என்று கேட்டுப் போட்டுவிடு.

அம்மா நேற்றே அரிசி இடித்துவிட்டாள். முறுக்கும் சீடையும் வெள்ளிக்கிழமை பார்சலில் அனுப்புகிறேன். எடை, தகரத்தோடு சேர்த்து, இரண்டு கிலோவுக்குள் நிற்கும்படி நானே வீட்டுத் தராசில் பார்த்தேன். சுங்கப் படிவத்தில் விற்பனைச் சரக்கு, மாதிரிச் சரக்கு, அன்பளிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். அன்பளிப்பு என்ற கட்டத்தில் டிக் போட்டு, மதிப்பை 39 பவுண்டுக்கு வெகு கீழேதான் எழுதுவேன். அந்த அளவுக்குள் இருக்கும் அன்பளிப்புக்கு உங்கள் ஊரில் இறக்குமதி வரி கிடையாது. கவுண்டரில் எனக்குப் பின் வந்த பையன் இருக்கிறான். ‘சார், நீங்களே எழுதிவிடுங்கள்’ என்று பேனாவையும் கொடுப்பான்.

தகரத்தின் மூடிக்கு உள்பக்கத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பேன். அதைக் கிழிக்காமல் அப்படியே தேநீர் அறை மேஜையில் திறந்து வை. ‘எடுத்துக்கோங்க’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஹெல்ப் யுவர்செல்ஃப்’ என்பார்கள். உனக்கு நீயே உதவி செய்துகொள் என்று நேராகப் பெயர்த்தால் திட்டுவது மாதிரி இருக்கும். அதைத்தான் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் திருத்திவிடு.

அன்புடன்,
அப்பா